குன்றல் பகுப்பும் குற்றமற்ற தாய்மாரும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நம் திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது பெரியோர் கூறும் கணக்கு. டிசம்பர் 31-ஆம் நாள் படித்திருவிழாவன்று ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே மக்கள் மேலே செல்வர். நம் பள்ளியில் பயிலும் மாணவியருள் சிலர் அந்தப் படிகளில் ஏறுகிறவர்கள். சிலர் ஞாயிறுதோறும் ஆலயத்தில் முழங்காற்படியிடுகிறவர்கள். எவராயினும், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாப் படியும் ஒன்றுபோலவே தோன்றும். ஏறிப் பார்த்தவருக்குத்தான் எந்தப் படியில் மூச்சு வாங்கும், எந்தத் திருப்பத்தில் காற்று வரும் என்பது தெரியும்.

உயிரியல் பாடத்தில் வரும் மியாசிஸ் என்னும் குன்றல் பகுப்பையும் நாங்கள் வெகுநாள் கீழே நின்றே பார்த்துக்கொண்டிருந்தோம். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். மறுபடியும் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். பெயர்கள் மந்திரம்போல வாயில் வந்தன. வகுப்புத் தேர்வில், ‘முதல் அனாஃபேசுக்கும் இரண்டாம் அனாஃபேசுக்கும் உள்ள வேறுபாடு யாது?’ என்று ஒரு கேள்வி வந்தது. வகுப்பில் பெரும்பாலோர் இரண்டுக்கும் ஒரே படத்தை வரைந்து, ஒன்றின் கீழ் 1 என்றும் மற்றொன்றின் கீழ் 2 என்றும் எழுதி வைத்தோம். விடைத்தாள்கள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. பிழை எங்களுடையதே. படிக்காமல் இருந்ததால் வந்த பிழை அன்று அது. மனப்பாடம் செய்ததால் வந்த பிழை!

இந்த நிலைகளின் வேறுபாட்டை ஒவ்வொரு மாணவியும் புரிந்துகொண்டே தீரவேண்டும், புரிந்ததை வீட்டுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே எங்கள் கருத்து. மதிப்பெண் மட்டும் இதற்குக் காரணம் அன்று. நம் வீடுகளில் எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்திற்காக ஏச்சுக் கேட்கிறார்கள். அந்த வழக்கில் அவர்களுக்காகச் சாட்சி சொல்லக்கூடியது இந்தப் பாடம். அது எப்படி என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். குன்றல் என்றால் குறைதல். நம் குன்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1905-ஆம் ஆண்டில் ஃபார்மர், மூர் என்னும் இரு அறிஞர்கள் ‘குறைதல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கினர். எதைக் குறைக்கிறது? நம் உடலின் செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவை 23 இணைகள். ஓர் இணையில் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. தாயின் முட்டையும் தந்தையின் விந்தணுவும் 46-ஐ அப்படியே கொண்டுவந்தால் பிள்ளைக்கு 92 ஆகும்; பேரப்பிள்ளைக்கு 184 ஆகும். தலைமுறைதோறும் இரட்டித்தால் உயிர் என்னாவது? ஆகவே இனச்செல்கள் உண்டாகும்போது மட்டும் 46 என்பது 23 ஆகக் குறைகிறது. அந்தக் குறைத்தலையே குன்றல் பகுப்பு செய்கிறது.

இதை எங்களுக்குப் புரியவைத்தது புத்தகம் அன்று, தலை ரிப்பன். தேர்வுக்கு மறுநாள் எங்கள் உயிரியல் சிஸ்டர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. வகுப்பில் இருந்தவர்களின் சிவப்பு ரிப்பனையும் நீல ரிப்பனையும் கழற்றித் தரச் சொன்னார். இரண்டு ஊக்குகளும் கேட்டார். ‘சிவப்பு, தாயிடமிருந்து வந்த குரோமோசோம். நீலம், தந்தையிடமிருந்து வந்தது. பகுப்பு தொடங்கும் முன்பே ஒவ்வொன்றும் தன்னைப்போல ஒரு நகல் எடுத்துக்கொள்ளும்’ என்று கூறி, இரண்டு சிவப்பு ரிப்பன்களை நடுவில் ஓர் ஊக்கால் குத்தினார். இரண்டு நீல ரிப்பன்களை மற்றோர் ஊக்கால் குத்தினார். ஒவ்வொரு ரிப்பனும் ஒரு குரோமாட்டிடு. ஊக்கு குத்திய இடம் சென்ட்ரோமியர். ‘இனி ஊக்கை மட்டும் கவனியுங்கள். எப்போது கழல்கிறது என்று சொன்னால் போதும், வேறெதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்’ என்றார்.

முதற்பகுப்பின் முதல் நிலையாகிய புரோஃபேஸ், எட்டு நிலைகளுள் மிக நீண்டது. அதனாலேயே அதற்குள் ஐந்து உட்பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். லெப்டோட்டீனில் குரோமோசோம்கள் மெல்லிய நூலாகக் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். சைகோட்டீனில் சிவப்பும் நீலமும் தத்தம் துணையைத் தேடி வந்து நெடுக ஒட்டிக்கொள்ளும். பாக்கிட்டீனில் தடித்து, ஒட்டிய நிலையிலேயே ஒரு துண்டை மற்றதோடு மாற்றிக்கொள்ளும். டிப்ளோட்டீனில் விலகத் தொடங்கும். ஆயினும் துண்டு மாறிய இடங்களில் மட்டும் பிணைந்து நிற்கும். அவ்விடங்களுக்குக் கையாஸ்மா என்று பெயர். டயாகைனசிசில் நன்றாகச் சுருங்கிக் குறுகும். உட்கருவின் உறை மறையும். இரண்டாம் பகுப்பின் புரோஃபேசில் இவற்றுள் இணைசேர்தலும் இல்லை, துண்டு மாற்றமும் இல்லை. பெயர் ஒன்றாயிருந்தாலும் வேலை வேறு.

துண்டு மாற்றம் என்றதும் திருத்தணிப் பிள்ளைகளாகிய நமக்கு விளக்கமே தேவையில்லை. நம் ஊர் ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வட எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்தோடு சேர்ந்தது. அடுத்தடுத்து இருந்த இரு மாநிலங்கள் எல்லையில் துண்டு மாற்றிக்கொண்டன. இன்றும் நம் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிப்பதைக் கேட்டால் இந்த மாற்றத்தின் அடையாளம் தெரியும். குரோமோசோம்களும் அவ்வாறே. ஆனால் அவை மாற்றிக்கொள்ளும் துண்டுகள் ஒன்றற்கொன்று நேரான இடத்தைச் சேர்ந்தவை, சமமானவை. சிஸ்டர் ஒரு சிவப்பு ரிப்பனின் நுனியையும் ஒரு நீல ரிப்பனின் நுனியையும் கத்தரித்து மாற்றித் தைத்துக் காட்டினார். (ரிப்பனுக்குச் சொந்தக்காரிகள் முகம் வாடியது உண்மை. ஆனால் இப்போது அந்த ரிப்பன்களே வகுப்பின் செல்வம்.) இப்படித் துண்டு மாறுகிறது என்னும் கொள்கையை 1909-இல் வெளியிட்டவர், பெல்ஜியம் நாட்டு லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஜேன்சன்ஸ் என்னும் குருவானவர் என்பதை அறிந்தபோது எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி உண்டாயிற்று.

அடுத்தது முதல் மெட்டாஃபேஸ். இணைகள் இணைகளாகவே செல்லின் நடுக்கோட்டில் வந்து நிற்கும். இங்கே ஒன்றை உற்றுக் கவனிக்க வேண்டும். எந்த இணையில் சிவப்பு வலப்பக்கம் நிற்கும், எதில் நீலம் வலப்பக்கம் நிற்கும் என்பதற்குச் சட்டம் ஏதும் இல்லை. ஓரிணை எப்படி நின்றாலும் மற்ற இணைகளைக் கேட்டு நிற்பதில்லை. பூவா தலையா போட்டதுபோலத்தான். 23 இணைகள் இப்படித் தனித்தனியே நிற்பதால் மட்டுமே 83,88,608 விதமான இனச்செல்கள் ஒரே ஆளிடம் உண்டாகக்கூடும். துண்டு மாற்றத்தையும் சேர்த்தால் கணக்கிற்கே அடங்காது. ஒரே வயிற்றில் பிறந்த அக்காளும் தங்கையும் ஒருவரைப்போல் ஒருவர் இல்லாததன் காரணம் இதுவே.

முதல் அனாஃபேசில் சிவப்பு ஒரு முனைக்கும் நீலம் எதிர்முனைக்கும் செல்லும். துணையை விட்டுத் துணை பிரிகிறது. ஆனால் ஊக்கு? கழலவில்லை! இரண்டு சிவப்பும் ஒரே ஊக்கில் மாட்டியபடியே ஒன்றாகப் போகின்றன. முதல் டீலோஃபேசில் இரு செல்கள் உண்டாகும்போது ஒவ்வொன்றிலும் 46-க்குப் பதில் 23 குரோமோசோம்களே இருக்கும். ஆகவே உண்மையான குன்றல் முதற்பகுப்பிலேயே முடிந்துவிடுகிறது.

பின்னர் வருவது இரண்டாம் பகுப்பு. இடையில் நகல் எடுப்பது இல்லை. இரண்டாம் மெட்டாஃபேசில் இணைகள் இல்லை; குரோமோசோம்கள் ஒற்றை வரிசையில் தனித்தனியே நிற்கும். இரண்டாம் அனாஃபேசில்தான் ஊக்கு கழலும். மூலமும் நகலும் அப்போதுதான் எதிரெதிர் முனைக்குப் போகும். முடிவில் நான்கு செல்கள். இது நம் உடல் வளரும்போது நிகழும் மைட்டாசிஸ் பகுப்பை ஒத்தது. எனினும், முன்னரே துண்டு மாறியிருப்பதால் பிரிந்துபோகும் இரண்டும் அச்சொட்டாக ஒன்றாயிரா.

ஆகத் தேர்வில் எழுத வேண்டியிருந்த விடை இரண்டே வரி. முதல் அனாஃபேசில் துணை பிரிகிறது, ஊக்கு கழலவில்லை. இரண்டாம் அனாஃபேசில் நகல் பிரிகிறது, ஊக்கு கழல்கிறது. இதை மனப்பாடம் செய்யாமல் மறந்துதான் பாருங்களேன், தோழியரே! முடியாது.

‘இதனால் ஊருக்கு என்ன பயன்?’ என்று சில பெற்றோர் வினவலாம். நம் வீட்டு வாழைப்பழத்தையே எடுத்துக்கொள்வோம். காட்டு வாழைக்கு 22 குரோமோசோம்கள். அவை 11 இணைகளாகச் சேரும். அதன் பழம் நிறையக் கடினமான விதை இருக்கும். நாம் உண்ணும் பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் 33. ஒவ்வொன்றிலும் மும்மூன்று. முதல் புரோஃபேசில் இருவராய்க் கைகோக்க வேண்டிய இடத்தில் மூவர் நின்றால் ஒழுங்காக எப்படிச் சேர்வது, எப்படிப் பிரிவது? பகுப்பு தடுமாறுகிறது, நல்ல இனச்செல் உண்டாவதில்லை. விதையில்லாப் பழம் நமக்குக் கிடைக்க இதுவும் ஒரு காரணம்.

நம் வட்டாரத்துக் கரும்பிலும் இந்தக் கதை உண்டு. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பார்பர், வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள் இனிப்பு மிகுந்த கரும்பையும் வறட்சி தாங்கும் நாணலையும் கலந்து, கோ 205 என்னும் வகையை 1918-இல் வெளியிட்டனர். இனிப்புக் கரும்புக்கு 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர் நாணலுக்கு 64. இரண்டும் பாதி பாதி தந்திருந்தால் பிள்ளைக்கு 40-உம் 32-உம் சேர்ந்து 72 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தபோது இருந்தவையோ 112! தாய்க்கரும்பு குறையாமல் 80-ஐயும் அப்படியே கொடுத்திருந்தது. எந்த நிலையில் குன்ற வேண்டும் என்பது தெரிந்தவருக்குத்தான் எங்கே குன்றவில்லை என்பதும் தெரியும்.

அந்த நிலையத்தில் 1934 முதல் சில ஆண்டுகள் பணியாற்றி, கரும்பை மக்காச்சோளம் போன்ற வேறு இனப் புல்வகைகளோடும் கலந்து ஆராய்ந்தவர் ஒரு பெண்மணி. அவரே ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து, டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து 1945-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் ஊரிலிருந்து சென்னை செல்லும் வழிக்கு அருகிலுள்ள மதுரவாயலில் தம் இறுதி ஆண்டுகளிலும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்து, 1984-இல் மறைந்தார். பெண்ணாய்ப் பிறந்து என்ன பயன் என்று கேட்பவர்க்கு இவர் வாழ்க்கையே விடை.

அப்படிக் கேட்பவர் இன்னும் இருக்கிறார்களா என்று வியக்க வேண்டாம். எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி வீட்டில் அக்கேள்வி நாள்தோறும் எழுந்தது. பெயர் கூடாது என்ற நிபந்தனையோடு இதை எழுத அவள் இசைந்தாள். அவளுக்குப் பின் மூன்று தங்கைகள். அப்பாவைப் பெற்ற பாட்டியை அவர்கள் அவ்வா என்று அழைப்பார்கள். பாசம் மிகுந்தவர்தாம். ஆனால் கடைசித் தங்கை பிறந்த நாள்முதல், அடுப்படியில் பால் பொங்கினாலும் வாசலில் விருந்தாளி வந்தாலும், ‘நாலும் பொட்டையாப் பெத்து வச்சிருக்கா என் மருமக’ என்ற சொல் மட்டும் ஓய்ந்ததில்லை. அவள் அம்மா ஒன்றும் பேசமாட்டாராம். மலையேறி நேர்ந்துகொண்டு வருவார். நான்கு பெண்களுக்கும் தலை பின்னி அனுப்புவார்.

இந்தச் சொல்லுக்கு முதற்பகுப்பு என்ன விடை கூறுகிறது? 23 இணைகளுள் ஒன்று ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது. பெண்ணிடம் அந்த இணை எக்ஸ், எக்ஸ். ஆணிடம் எக்ஸ், ஒய். 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி மாவில் வாழும் ஒருவகை வண்டை ஆராய்ந்தார். பெண் வண்டின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்களும், ஆண் வண்டின் செல்லில் 19 பெரியவையும் ஒரு சிறியதும் இருக்கக் கண்டு, ஆண் பெண் வேறுபாடு அந்தச் சிறியதைச் சார்ந்தது என்று கூறினார். அந்தச் சிறியதே ஒய். மனிதருள்ளும் இப்படியே. தாயின் முட்டை எதுவாயினும் அதில் இருப்பது எக்ஸ்தான். அவரிடம் வேறொன்று இல்லையே! தந்தையிடம் முதல் அனாஃபேசில் எக்ஸ் ஒரு பக்கமும் ஒய் மறுபக்கமும் பிரிகின்றன. இரண்டாம் பகுப்பில் எக்சின் நகல்கள் இரண்டு செல்லுக்கும், ஒய்யின் நகல்கள் இரண்டு செல்லுக்கும் போகின்றன. எந்த விந்தணு முட்டையைச் சேர்கிறதோ, அதைப் பொறுத்ததே மகளும் மகனும். இல்லாத ஒய்யைத் தரவில்லை என்று தாயை ஏசுவது, பூட்டிய கடையில் கடன் கேட்பது போலாகும்.

எங்கள் தோழி ஒருநாள் மாலை ரிப்பன்களை வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். அவ்வாவின் எதிரே உட்கார்ந்து, நீளமான சிவப்பு ரிப்பனையும் குட்டையான நீல ரிப்பனையும் தரையில் வைத்தாள்.

“அவ்வா, இது நீங்க அப்பாவுக்குக் கொடுத்தது. இந்தக் குட்டை தாத்தா கொடுத்தது. அப்பாகிட்ட இருக்கிறது இந்த ரெண்டுதான். இதில் எது எங்களுக்கு வருதோ அதுதான் கணக்கு. அம்மாகிட்ட குட்டையே கிடையாது.”

“அப்போ தப்பெல்லாம் உங்க அப்பன் மேலேங்கிறியா?” என்று அவ்வா சினந்தார்.

இந்தக் கேள்வியைத் தாங்கள் எதிர்பார்க்கவில்லை என்றும் சற்றுத் திணறியதாகவும் அவள் எங்களிடம் கூறினாள். நியாயமான கேள்விதான். பழியைத் தாய் தலையிலிருந்து எடுத்துத் தந்தை தலையில் வைப்பதற்காகவா படிக்கிறோம்? இல்லை. எந்தத் தந்தையும் தம் செல்லுக்குக் கட்டளையிட முடியாது. பாதி விந்தணுவில் எக்ஸ், பாதியில் ஒய். எது முந்தும் என்பது மனிதர் கையில் இல்லை. ஒவ்வொரு பிள்ளைப்பேறும் ஏறக்குறையப் புதிய பூவா தலையா. நான்கு பிள்ளைகள் உள்ள பதினாறு வீடுகளை எடுத்துக்கொண்டால், சராசரியாக ஒரு வீட்டில் நான்கும் பெண்ணாகவே இருக்கும். ஒரு வீட்டில் நான்கும் ஆணாகவே இருக்கும். இரண்டிலும் பெருமைப்படவோ பழிக்கவோ ஏதுமில்லை. தப்பு என்ற சொல்லே இங்குப் பொருந்தாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு எங்கள் தோழி இன்னொன்றையும் சொன்னாளாம். அதுதான் எங்கள் மனத்தை விட்டு நீங்காதது. மகனாய்ப் பிறக்கும் பேரனுக்கு அப்பா கொடுப்பது தாத்தாவின் ஒய். மகளாய்ப் பிறக்கும் பேத்திக்கு அப்பா கொடுப்பது, அவருடைய தாய் அவருக்குக் கொடுத்த எக்ஸ். ஆகவே அவ்வா தம் மகனுக்குக் கொடுத்த அந்தச் சிவப்பு ரிப்பன் எந்தப் பேரனுக்கும் அவர் வழியே போய்ச் சேர்ந்திருக்காது. பேத்திகளுக்கு மட்டுமே போகும்.

“நாலு பேருக்குமா?” என்று கேட்டாராம் அவ்வா.

“நாலு பேருக்கும் அவ்வா.”

அவர் அந்த ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் இருந்தாராம். அன்றோடு வீடு சொர்க்கமாகிவிட்டது என்று எழுதினால் அது கதையாகிவிடும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பழைய சொல்லை அவர் அதன்பின் சொல்லி நான் கேட்கவில்லை என்று தோழி கூறுகிறாள். எங்களுக்கு அது போதும்.

பழி வேறு வகையிலும் வரும். சில பிள்ளைகள் டவுன் நோய்க்குறியோடு பிறக்கிறார்கள். ஊரார் அதைச் சாபம் என்பர், பெற்றோரின் பாவம் என்பர். 1959-இல் பாரிசில் லெஜூன், மார்த் கோத்தியே, தூர்ப்பின் ஆகியோர், அப்பிள்ளைகளின் செல்லில் ஒரு குரோமோசோம் மிகுதியாக இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். அது 21-ஆம் குரோமோசோம். பெரும்பாலும் முதற்பகுப்பில் துணை பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போவதாலும், சில வேளை இரண்டாம் பகுப்பில் நகல் பிரியாததாலும் இது நேர்கிறது. இது யாருக்கும் தண்டனை அன்று. அப்பிள்ளைகளைக் கண்டால் முகம் திருப்பாமல் பெயர் சொல்லி அழைத்து விளையாடுவதே நம் கடமை.

நிலைகளின் வேறுபாட்டில் எங்களை மிகவும் வியக்க வைத்தது காலம். ஆண்களிடம் பூப்படைந்த பின்பே இப்பகுப்பு தொடங்கி இடையறாது நடக்கும். பெண்ணிடமோ அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, முதல் புரோஃபேசின் டிப்ளோட்டீனில் நின்றுவிடும். பல ஆண்டுகள் காத்திருந்து, பருவம் வந்தபின் மாதந்தோறும் மேற்செல்லும்; இரண்டாம் மெட்டாஃபேசில் மறுபடி நிற்கும்; விந்தணு சேர்ந்தால்தான் முற்றுப்பெறும். நான்கு செல்களுள் ஒன்றே முட்டையாகும். அப்படியானால் நாம் எந்த முட்டையிலிருந்து வந்தோமோ அது, நம் தாய் அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே தோன்றியது! மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே உடலில் இருந்த ஒரு காலம் உண்டு. அதை எண்ணும்போது, தாயை இகழ்வது எவ்வளவு பெரிய அறியாமை என்பது விளங்கும்.

இவற்றை மாணவியர் முன் பேசலாமா என்று தயங்குவோர் உண்டு. பேசாமல் இருந்ததன் விலையை நம் நாடு கொடுத்திருக்கிறது. பெண் சிசுக்கள் கைவிடப்பட்டதைத் தடுக்கவே 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் மருத்துவமனைக் கதவைக் காக்கலாம். அடுப்படியில் விழும் சொல்லை யார் தடுப்பது? அங்கே நாம்தான் இருக்கிறோம்.

எனவே எங்கள் வேண்டுகோள் எளியது. அடுத்த பெற்றோர் தினத்தன்று பாட்டும் நடனமும் நடக்கும் வேளையில், ஒரு வகுப்பறையை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். சிவப்பு ரிப்பன், நீல ரிப்பன், ஊக்கு இவையே செலவு. தாய்மாரையும் பாட்டிமாரையும் அமரவைத்துத் தமிழிலும் தெலுங்கிலும் நாங்களே விளக்குவோம். தந்தைமாரும் வரலாம். தோழியரே, பொதுத்தேர்வு முடிந்ததும் புத்தகத்தைப் பழைய தாள் கடைக்குப் போடலாம். இந்தப் பாடத்தைப் போட்டுவிடாதீர்கள். முதற்பகுப்பில் பிரிவது எது, இரண்டாம் பகுப்பில் பிரிவது எது என்பதை அறிந்த ஒரு பெண் வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் ஒரு தாய் தலைநிமிர்ந்து நடப்பார். அதற்காகவேனும் படிப்போமாக!